ஏழுக்குள் தோற்றால் ஒரு புள்ளி

கேள்வி: ரக்பி தொடர்களில் தோற்ற அணிக்கும் ஆறுதல் புள்ளி தருகிறார்களே, நியாயமா? போனஸ் புள்ளியை எப்படி வகுத்தால் சரியாக இருக்கும்?

பதில்: ‘ஆறுதல்’ என்ற சொல்லைத்தான் முதலில் தூக்கி எறிய வேண்டும். ஆறுதல் எல்லாம் முடிந்தபின் சொல்வது. போனஸ் புள்ளி ஆட்டம் நடக்கும்போதே வேலை செய்கிறது. 79-வது நிமிடம், 10 புள்ளி பின்தங்கிய அணிக்குப் பெனால்டி கிடைக்கிறது. வெற்றி கைநழுவிவிட்டது. ஆனாலும் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி, வித்தியாசம் 7; ஏழு அல்லது அதற்குள் தோற்றவருக்குப் பட்டியலில் ஒரு புள்ளி. கடைசி நிமிடத்துக்கும் அர்த்தம் வந்துவிடுகிறது. ஏழு என்ற எல்லையும் சும்மா வைத்ததல்ல: ட்ரைக்கு (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பதற்கு) 5, அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2, ஒரே பாய்ச்சலில் சமன் செய்யும் தூரம்.

என் சண்டை நான்கு ட்ரை விதியோடுதான்: வென்றாலும் தோற்றாலும் நான்கு ட்ரை அடித்த அணிக்குப் பட்டியலில் ஒரு போனஸ் புள்ளி. 30-வது நிமிடத்திலேயே நான்காவது ட்ரையை அடித்த அணிக்கு மீதி 50 நிமிடத்தில் போனஸாகச் சம்பாதிக்க ஒன்றுமில்லை. 40 புள்ளி பின்தங்கிய அணியோ, எதிரணி தளர்ந்த நேரத்தில் நான்காவது ட்ரை அடித்து அதே பரிசை வாங்கிப் போகிறது. பிரான்சின் கிளப் தொடரான டாப் 14-இன் முறை இதைவிட நல்லது: எதிரணியைவிட மூன்று ட்ரை கூடுதலாக அடித்து வென்றால்தான் போனஸ். 5-2 என்று ட்ரை கணக்கு நிற்கும்போது இன்னொன்று விட்டுக்கொடுத்தால் போனஸ் போயிற்று. இரு அணியும் விசில் வரை ஓடும். தென் அரைக்கோளத் தொடரான சூப்பர் ரக்பியும் 2016-இல் இதற்கு மாறியது.

ஜப்பானின் 2015 உலகக் கோப்பையைச் சொல்லி என்னோடு வழக்காடும் வாசகர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வென்று, மூன்று வெற்றியோடு (வெற்றிக்கு 4 வீதம்) 12 புள்ளி எடுத்தும் ஜப்பான் வெளியேறியது. அதே மூன்று வெற்றியோடு ஸ்காட்லாந்து 14 எடுத்துக் காலிறுதிக்குப் போனது. பழியைப் போனஸ் மேல் போடாதீர்கள். ஸ்காட்லாந்தின் இரண்டு போனஸும் பெரிய ட்ரை வித்தியாசத்தில் வந்தவை, பிரெஞ்சு விதியிலும் கிடைத்திருக்கும். குற்றவாளி அட்டவணை. தென்னாப்பிரிக்காவோடு மோதிய நான்காம் நாளே ஜப்பான், முதல் ஆட்டத்துக்குப் புத்துணர்ச்சியோடு வந்த ஸ்காட்லாந்தைச் சந்தித்து 45-10 என்று தோற்றது. ஓய்வு நாளைச் சமமாகப் பகிராதவரை எந்தப் புள்ளி முறையும் நியாயம் தராது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

விதி வகுப்பவர்கள் போன பருவத்தின் ஸ்கோர்களை, ட்ரை எண்ணிக்கையோடு, புதிய விதியில் மறுபடி கூட்டிப் பார்க்கட்டும். எல்லா ஆட்டத்திலும் வென்ற அணி முதலிடம் இழக்கிறதா? அப்படியானால் விதியில் ஓட்டை. ஐரோப்பாவின் ஆறு அணித் தொடரான சிக்ஸ் நேஷன்ஸ் 2017-இல் போனஸைக் கொண்டுவந்தபோது ஐந்து ஆட்டத்தையும் வெல்பவருக்குத் தனியாக 3 புள்ளி வைத்தது இதற்காகத்தான். போனஸே இல்லாமல் வென்றாலும் 23. ஒன்றில் தோற்றவர் எல்லா போனஸையும் அள்ளினாலும் 22.