"சேர், ஒன்றுமே விளங்கவில்லை" என்று போய் நிற்காமல் இருக்க

கேள்வி: எனக்கு ஊர் திருக்கோவில். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் முதலாம் வருடம், விடுதியில் தங்கிப் படிக்கிறேன். உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு வந்தேன், இங்கே எல்லாம் இங்கிலிஷில் போகிறது. கெமிஸ்ட்ரி சேர் முதல் லெக்சரிலேயே, புதன்கிழமை பின்னேரம் தன்னுடைய அறைக்கு யாரும் வந்து சந்தேகம் கேட்கலாம் என்று சொன்னார். போன கிழமை துணிந்து போய் "ஒன்றுமே விளங்கவில்லை சேர்" என்றேன். "எது விளங்கவில்லை?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். திரும்பப் போக வெட்கமாக இருக்கிறது. போவதென்றால் கேள்விகளை எப்படித் தயார்படுத்துவது?

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்று. சேர் உங்களை ஏசவில்லை. அவருக்கு உண்மையிலேயே அது தெரியவேண்டும். மோட்டார் சைக்கிளைக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போய் "ஓடுதில்லை" என்று மட்டும் சொன்னால் அந்தத் தம்பி என்ன கேட்பான்? காலையில ஸ்டார்ட் ஆகுதா, சூடானாப் பிறகு நிக்குதா, பெற்றோல் இருக்கா என்று தானே? சேர் கேட்டதும் அதே மாதிரித்தான். அவருக்கு எங்கே கை வைப்பது என்று நீங்கள் காட்டிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அது ஏன் நமக்கு வருவதில்லை என்றால், நாம் பழகி வந்த விதம் அப்படி. கல்முனையோ மட்டக்களப்போ அக்கரைப்பற்றோ, உயர்தர டியூசன் என்றால் ஒரு கொட்டகை நிறையப் பிள்ளைகள், மைக்கைப் பிடித்துக்கொண்டு சேர், கேள்வியும் அவரே கேட்டு விடையும் அவரே சொல்லி, நாம் எழுதிக்கொண்டு வருவோம். அதில் கெட்டிக்காரர்களாக வந்தவர்களைக் கொண்டுவந்து ஒரு சின்ன அறையில், ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி "கேளுங்க" என்றால் வாய் திறக்காதுதான். இது உங்களுடைய குறை என்று நினைக்காதீர்கள், உங்கள் பட்ச்சில் முக்கால்வாசிப் பேருக்கு இதே நிலைதான் இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். "எது விளங்கவில்லை" என்று தேடாதீர்கள், தேடினால் எல்லாமே விளங்காத மாதிரித்தான் தெரியும். எதுவரைக்கும் விளங்கியது என்று தேடுங்கள். லெக்சர் நோட்டை எடுத்து, பென்சிலோடு இருந்து, ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். அந்த வரியைப் பக்கத்தில் இருக்கிற தோழிக்குத் தமிழில் சொல்ல முடியுமென்றால் ஒரு சரி அடையாளம் போடுங்கள். முடியாமல் போகிற முதல் வரியில் நிறுத்துங்கள். அந்த வரிதான் உங்கள் கேள்வி இருக்கிற இடம், அதற்குப் பிறகு வருகிற பக்கங்களைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படத் தேவையில்லை, ஏனென்றால் அந்த ஒரு வரி திறந்தால் பின்னால் உள்ளதில் பாதி தானாகத் திறந்துவிடும். அனேகமாகச் சிக்கல் நாம் நின்ற வரியில்கூட இருக்காது, அதற்கு மூன்று நாலு வரிக்கு முன்னால் சரி என்று நினைத்துத் தாண்டிப் போன ஒரு சொல்லில் இருக்கும்.

உங்கள் பாடத்திலிருந்தே ஒன்றைச் செய்து பார்ப்போம். ஐதரோகுளோரிக் அமிலம், மிகவும் ஐதானது, ஒரு லீற்றரில் பத்தின் வலு மறை எட்டு மூல் அளவுதான் இருக்கிறது. பீஎச், அதாவது கரைசல் அமிலமா காரமா என்று காட்டுகிற எண், என்ன? வழக்கம்போல மடக்கை எடுத்தால் 8 வருகிறது. ஆனால் 7க்கு மேலே என்றால் அது காரக் கரைசல், அமிலத்தைத் தண்ணீரில் விட்டால் எப்படிக் காரமாகும்? நோட்டில் விடை 6.98 என்று இருக்கிறது. இந்த இடத்தில் "சேர், பீஎச் கணக்கு விளங்கவில்லை" என்று போனால் அவர் பீஎச் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவார், நீங்கள் தெரிந்ததையே திரும்பக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவீர்கள்.

இன்னும் ஒரு படி இறங்குங்கள். ஏன் 8 வராது என்பதற்குப் புத்தகமே பதில் சொல்லும்: 25 பாகை செல்சியஸில் தூய நீரும் தன் பங்குக்கு ஐதரசன் அயன்களைத் தருகிறது, பத்தின் வலு மறை ஏழு அளவில், அது இந்த அமிலம் தருவதைவிடப் பத்து மடங்கு. அப்போ நீரை ஒதுக்கிவிட்டுக் கணக்குச் செய்ய முடியாது. நல்லது, இரண்டையும் கூட்டிப் பார்க்கிறீர்கள். 6.96 வருகிறது. நோட்டில் இருப்பதோ 6.98. கிட்ட வந்துவிட்டது, ஆனால் அதே எண் இல்லை.

இப்போது கேள்வி பிறந்துவிட்டது பாருங்கள்: "சேர், நீரிலிருந்து வருகிற அயனையும் அமிலத்திலிருந்து வருகிற அயனையும் சும்மா கூட்டினேன், 6.96 வந்தது. நோட்டில் 6.98. இந்த வித்தியாசம் எங்கேயிருந்து வருகிறது?" இப்படிக் கேட்டால் எந்த விரிவுரையாளரும் பேனையை எடுத்துவிடுவார். அமிலத்தின் அயன் உள்ளே வந்ததும் நீரின் சமநிலை பின்னுக்குத் தள்ளப்படுகிறது, அதனால் நீர் முன்பு தந்த முழு அளவையும் இப்போது தராது, ஆகவே ஓர் இருபடிச் சமன்பாடு தீர்க்கவேண்டும் என்று அவர் காட்டுவார். மறுகா நீங்கள் இன்னொன்றும் கேட்கலாம்: "அப்படியென்றால் எந்தச் செறிவுக்குக் கீழே போனால் நீரைக் கணக்கில் எடுக்கவேண்டும் சேர்?" இந்த இரண்டாவது கேள்விதான் பெறுமதியானது, முதலாவதற்கு வருகிற விடை ஒரு கணக்கோடு முடிந்துவிடும், இதற்கு வருகிற விடை அந்த மாதிரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் உதவும்.

தாளில் எழுதும்போது மூன்று விஷயம் இருந்தால் போதும். என்ன செய்து பார்த்தேன், என்ன வந்தது, எங்கே இடிக்கிறது. அந்தக் கணக்குச் செய்த தாளையும் கையோடு கொண்டுபோங்கள், பிழையாகச் செய்ததுதான் என்றாலும் பரவாயில்லை, பிழையான தாளில்தான் சேருக்கு அதிகம் தெரியவரும். வெள்ளையடித்துத் திருத்தமாக எழுதிக்கொண்டு போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதில் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

கேள்வி எத்தனை? இரண்டு, மிஞ்சினால் மூன்று. வாசலில் இன்னும் பிள்ளைகள் நிற்பார்கள், இடையில் டிபார்ட்மென்டிலிருந்து ஒரு அழைப்பு வரும். ஆகவே முக்கியமானதை முதலில் கேளுங்கள். வெட்கத்தில் சின்னக் கேள்வியில் தொடங்கிப் பெரியதைக் கடைசிக்கு வைத்தால் அது அனேகமாக அடுத்த புதனுக்குப் போய்விடும்.

சில கேள்விகளை அந்த அறைக்குக் கொண்டே போகவேண்டாம். அசைன்மென்ட் எப்போது கொடுப்பது, எத்தனை பக்கம், லாப் எந்த நேரம் என்பதெல்லாம் பாட விபரத் தாளிலோ அறிவித்தல் பலகையிலோ இருக்கும், இல்லாவிட்டால் பட்ச் ரெப்பிடம் கேட்கலாம். லாப்பில் எடுத்த வாசிப்புகளில் சந்தேகம் என்றால், லாப்பில் கூட நின்று உதவுகிற டிமொன்ஸ்ட்ரேட்டர் இருக்கிறார், அவர் அண்மையில் இதே பாடத்தைச் சோதனை எழுதி வந்தவர், நீங்கள் எங்கே வழுக்குவீர்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அடிப்படை முழுவதுமே ஆட்டம் காண்கிறதென்றால் சீனியர்மார் தாங்களே எடுக்கிற குப்பி வகுப்புக்குப் போய் ஒருதரம் இருந்துவிட்டு வாருங்கள். ஆனால் குப்பியில் சொன்னதும் நோட்டில் இருப்பதும் முரண்பட்டால், அந்த முரணை அப்படியே எழுதிக்கொண்டு சேரிடம் போங்கள், அது முதல்தரமான கேள்வி. யார் சொன்னது என்று பெயர் சொல்லாமல் கேட்டால் போதும்.

"இது சோதனைக்கு வருமா சேர்" என்ற கேள்வியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் பெரிய கோபம் ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்கு அது தெரியத்தான் வேண்டும். ஆனால் அப்படிக் கேட்டால் ஒரு சிரிப்பைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. பாட விபரத்தில் கற்றல் பேறுகள் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதைக் காட்டி "இந்த மூன்றாவது பேறுக்கு நிறுவல் வரைக்கும் போகவேண்டுமா, இல்லாவிட்டால் பிரயோகித்தால் போதுமா" என்று கேளுங்கள். கேட்க வந்தது அதேதான், இதற்குப் பதில் கிடைக்கும்.

எப்போது போவது என்பதும் முக்கியம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்றால் மாணவர் செலவழிக்கவேண்டிய உழைப்பு 50 மணித்தியாலம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150. அதில் லெக்சர் மண்டபத்தில் போவது வழக்கமாக 45தான். மிச்சம் நூற்றுச் சொச்சம் மணித்தியாலமும் நீங்கள் தனியே மல்லுக்கட்ட வேண்டியது, கேள்விகள் பிறப்பதும் அங்கேதான். அதை ஸ்டடி லீவுக்கு ஒத்திவைத்தால் கேள்வியும் அப்போதுதான் பிறக்கும், அந்தக் கிழமை சேரின் வாசலில் முழு பட்ச்சும் நிற்கும். லெக்சர் நடந்து ஒரு கிழமைக்குள் போனால் அவருக்கும் தான் என்ன சொன்னோம் என்பது ஞாபகத்தில் இருக்கும்.

மொழி. தமிழ் பேசுகிற விரிவுரையாளர் என்றால், "சேர், தமிழில் கேட்கலாமா?" என்று முதலே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் ஓம் என்பார்கள். ஆனாலும் கேள்வியை இங்கிலிஷில் இரண்டு வரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சோதனையில் விடை எழுதப்போவது அந்த மொழியில்தான். தமிழ் தெரியாத விரிவுரையாளர் என்றால் தாளைப் பார்த்து வாசித்தாலே போதும், இலக்கணம் பிழைத்தால் யாரும் சிரிக்கப்போவதில்லை, அவர்களிலும் பலர் இதே மாதிரித் தட்டுத்தடுமாறிப் படித்து வந்தவர்கள்தான்.

கலைப் பிள்ளைகளும் இதை வாசிப்பீர்கள், உங்களுக்குக் கணக்குத்தாள் இல்லையே தவிர முறை மாறாது. "சூறாவளியைப் பற்றி ஆய்வு செய்யப்போறேன் மெடம், எப்படிச் செய்யலாம்?" என்று போனால் மெடமும் "நல்லது, வாசியுங்கோ" என்றுதான் சொல்வார். அதையே இப்படிக் கொண்டுபோங்கள்: "1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் ஊர்த் தென்னந்தோட்டங்கள் அழிந்த பிறகு காணி யார் கைக்கு மாறியது என்று பார்க்க நினைக்கிறேன். அப்போது பத்து வயதாக இருந்தவர்களுக்கே இப்போது அறுபது நெருங்குகிறது. அவர்களுடைய ஞாபகத்தை மட்டும் வைத்து எழுதினால் போதுமா, காணிப் பதிவகத்தில் உள்ள பதிவுகளையும் பார்க்கவேண்டுமா?" இதற்கு அந்த அறையிலேயே பதில் வரும், யாரைச் சந்திக்கலாம் என்றும் சொல்லியனுப்புவார்.

நேரம் ஒதுக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புவதென்றால் நீட்டவேண்டாம். பெயர், பதிவிலக்கம், பாடக் குறியீடு, கேள்வி ஒரு வரியில், எப்போது வரலாம் என்பது ஒரு வரியில். வாட்ஸ்அப் இலக்கம் இருக்கிறதே என்று இரவு பதினொரு மணிக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள்.

தனியே போகக் கூச்சம் என்றால் தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இரண்டு பேரிடமும் ஒவ்வொரு கேள்வியாவது இருக்கட்டும், துணைக்கு வந்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் சேருக்கும் ஒரு மாதிரி இருக்கும். கதவு திறந்தே இருக்கட்டும் என்று நினைத்தால் அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் உட்காருங்கள், அதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. இன்னொன்றையும் கேள்விப்படுவதுண்டு: முதலாம் வருடத்துப் பிள்ளைகள் லெக்சரர்மாரின் அறைப்பக்கம் போகக்கூடாது என்று சில சீனியர்மார் சட்டம் போடுவார்கள். அதற்குப் பெயர் பகிடிவதை, அதைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. யாராவது அப்படி மிரட்டினால் பீடத்து மாணவர் ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

உள்ளே போனதும் "மன்னிக்கவேணும் சேர், இது மடத்தனமான கேள்வியாக இருக்கலாம்" என்று தொடங்கவேண்டாம், நேரே தாளை மேசையில் வைத்து முதல் கேள்வியைக் கேளுங்கள். அவர் சொல்லும்போது விளங்காமல் தலையாட்டுவதுதான் நம்மவர்களின் பெரிய வியாதி. அதற்கு ஒரு மருந்து, அவர் முடித்ததும் "அப்போ சேர், நான் விளங்கிக்கொண்டது சரியா..." என்று உங்கள் சொல்லில் ஒருதரம் திருப்பிச் சொல்லுங்கள். பிழையாகச் சொன்னால் அங்கேயே திருத்துவார். அன்று இரவே விடுதியில் இருந்து அந்தக் கணக்கை எண்களை மாற்றி, பத்தின் வலு மறை ஏழு என்று வைத்து, ஒருவரையும் கேட்காமல் செய்து பாருங்கள். பீஎச் 6.79 வரவேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் அடுத்த புதனுக்கு முதல் கேள்வி தயார்.

போனபோது கதவு பூட்டியிருந்தால் பேசாமல் விடுதிக்குத் திரும்பிவிடாதீர்கள். கதவில் அறிவித்தல் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் டிபார்ட்மென்ட் ஒபிஸில் கிளார்க்கிடம் சேர் பீடக் கூட்டத்தில் நிற்கிறாரா, லீவா என்று கேட்டால் சொல்லுவார். இரண்டும் இல்லாவிட்டால் பெயர், பதிவிலக்கத்தோடு உங்கள் கேள்வித் தாளின் ஒரு பிரதியைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு வாருங்கள். மூலத்தாளை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.