நாடு 'உயர்' மட்டத்தில் இருந்தால் என் வீட்டு அஸ்வெசுமவை வெட்டுவார்களா?

மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மனித அபிவிருத்தியில் இலங்கை 'உயர்' மட்டத்தில் இருப்பதாகப் பேப்பரில் படித்தாராம், வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் உதவிப் பணமான அஸ்வெசும பட்டியலில் பார்த்தால் அவர்கள் வீட்டுப் பெயர் இல்லை. அப்பா கடலுக்குப் போகிறவர், அண்ணன் சில வருடங்களாகக் கட்டாரில். நாட்டின் புள்ளி ஏறியதால்தான் எங்களை வெட்டினார்களா, 'மாவட்டக் குறியீட்டுச் சான்றிதழ்' எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் 6,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா என்கிறார்.

காசைக் கொடுக்காதீர்கள் தங்கச்சி. அப்படி ஒரு சான்றிதழ் கிடையாது. நாட்டின் புள்ளிக்கும் உங்கள் வீட்டுப் புள்ளிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பேப்பரில் வந்தது ஐக்கிய நாடுகள் 1990 முதல் வெளியிடும் மனித அபிவிருத்திக் குறியீடு. பிறக்கிற பிள்ளை எத்தனை வயதுவரை வாழும், பெரியவர்கள் எத்தனை வருடம் படித்திருக்கிறார்கள், இப்போது பள்ளிக்குச் சேரும் பிள்ளை எத்தனை வருடம் படிக்கும், ஆளுக்கு எவ்வளவு வருமானம், இவ்வளவுதான் அதில். 0.700 தொட்டால் 'உயர்'. 2022க்கு இலங்கைக்கு 0.780. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த வருடம் அது, அதற்கும் 'உயர்' தான்! இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் பல பத்து வருடங்களாகக் கட்டி வைத்த ஆயுளும் படிப்பும் ஒரே வருடத்தில் விழாது, அடுப்பு ஒரே வாரத்தில் அணைந்துவிடும். அதோடு இது முழு நாட்டுக்குமான சராசரி, வசதியான கொழும்பும் வறிய வெருகலும் அதற்குள் ஒன்றாகக் கலந்துவிடும்.

அண்ணன் அனுப்பும் காசு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவரைக் கணக்கில் அந்த நாட்டுவாசியாகத்தான் எடுப்பார்கள். அதனால் அவர் வீட்டுக்கு அனுப்புவது அந்தக் குறியீட்டின் தேசிய வருமானத்தில் நேராகச் சேராது, அன்பளிப்பு மாதிரித் தனியாக நிற்கும். சில மாதத்துக்கு மட்டும் போய் வருபவரின் சம்பளம் சேரும். ஆனால் அதே காசில் நீங்கள் அரிசி வாங்கினால், வீட்டுச் செலவை வைத்து வறுமையை அளக்கும் கணக்கெடுப்பில் அது தெரியும். 2019 இல் நாட்டில் 14.3 வீதம் பேர் ஏழைகள் என்றது அந்தக் கணக்கெடுப்புத்தான். ஒரே காசு, ஒரு அளவுகோலில் இல்லை, இன்னொன்றில் உண்டு.

சரி, அஸ்வெசுமவுக்கு வருவோம். அது மூன்றாவது அளவுகோல். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டிகளை வைத்து வீடு வீடாகப் புள்ளி போடுகிறார்கள். மின்சாரப் பாவனையும் அதில் ஒன்று, உங்கள் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். ஒரு மீட்டரில் இரண்டு குடும்பம் இருந்தால், முன்வீட்டு அக்காவின் பிரிட்ஜும் சேர்ந்து உங்கள் பாவனையாகப் பதிந்திருக்கலாம். அதைச் சொல்லாமல் விட்டால் யாரும் தானாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை. எந்தக் குறிகாட்டியில் விழுந்தது என்று ஒரு குடும்பத்துக்காக நானே ஒரு அலுவலகத்தில் நின்று கேட்டபோது, "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்றார்கள். மனுசரை அளப்பவர்கள், அளந்தது என்னவென்று அந்த மனுசருக்குச் சொல்லவேண்டாமா?

கிராம சேவகரை (ஜீ.எஸ்.) பார்த்து மேன்முறையீட்டுக்கான திகதியைக் கேளுங்கள், பிறகு பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு போடுங்கள். படிவத்துக்குக் காசில்லை. வீட்டில் நாட்பட்ட வருத்தக்காரர் இருந்தால் கிளினிக் கொப்பி, ஒரே மீட்டர் என்றால் அதை விளக்கி ஒரு கடிதம்.

தரகர்களைப் பற்றிக் கடைசியாக. 6,000 போனால் போகட்டும் என்று நினைக்காதீர்கள். இவர்கள் அடையாள அட்டைக் கொப்பியையும் வங்கிப் புத்தகத்தையும் வாங்கிப் போவார்கள், அப்புறம் போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் (OTP) கேட்பார்கள். "உள்ளே ஆள் இருக்கு" என்பவருக்கு உள்ளே யாரும் இல்லை, உங்கள் பெயர் தானாக வந்தால் நான்தான் எடுத்துத் தந்தேன் என்பார், வராவிட்டால் போனை எடுக்கமாட்டார். யாருக்கும் எந்த ஒரிஜினலையும் கொடுக்காதீர்கள். மேன்முறையீட்டுப் பிரதியில் திகதியுடன் சீல் வாங்காமல் அந்தக் கவுண்டரை விட்டு நகராதீர்கள் தங்கச்சி.