ஊத்துல தண்ணி இருக்கு, ஓஸ்ல வரலை: மலைக்காட்டு வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காட்டுக்குள் வீடு. 400 மீட்டர் தள்ளி, வீட்டைவிட 30 மீட்டர் உயரத்தில் ஊத்து. ஒரு அங்குலக் கறுப்பு ஓஸ் போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் கொட்டுகிறது. மாசி, பங்குனியில் அரைமணி நேரம் வந்து நின்றுவிடுகிறது. ஊத்து வற்றவில்லை. என்ன கோளாறு?

பதில்: காற்றடைப்பு. ஊத்தை முதலில் அளந்து பாருங்கள். 20 லிட்டர் வாளி நிறைய 200 விநாடி ஆனால், ஊறுவது நிமிடத்துக்கு 6 லிட்டர். உங்கள் ஓஸோ அந்த இறக்கத்தில் 35 லிட்டருக்கு மேல் இழுக்கும். ஊறுவதற்குள் இழுத்துக் குடித்துவிட்டு, வாய் வெளியே தெரிந்ததும் காற்றை உறிஞ்சுகிறது. ஓஸ் மேடேறி இறங்கும் இடத்தில் அந்தக் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டு முனையில் ஒரு கேட் வால்வு போட்டு, ஊறும் அளவுக்கு மட்டும் திறந்து வையுங்கள். ஓஸ் எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும். ஊத்தில் 200 லிட்டர் டிரம் ஒன்றைப் புதைத்து, ஓஸ் வாயை அடியிலிருந்து ஒரு சாண் மேலே பொருத்தி வலை கட்டுங்கள். வண்டல் கீழே தங்கிவிடும். மேடான இடத்தில் ‘T’ வடிவ இணைப்பு வைத்து அரை அங்குல வால்வு. காற்றெடுக்கும்போது வீட்டு வால்வை முதலில் அடைக்க வேண்டும். பிறகு மேட்டு வால்வைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் பீறிடும், மூடிவிடுங்கள். பலர் இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு ஓஸைத் திட்டுகிறார்கள்.

அந்த மேடு ஊத்தைவிட உயரம் என்றால் வால்வு உதவாது. கொத்தனாரின் தண்ணீர் டியூப் மட்டம் பிடித்துப் பார்த்து, ஓஸைச் சரிவோடு சுற்றிக் கொண்டுபோக வேண்டியதுதான். அடுத்த முறை மாற்றும்போது அரை அங்குலமே போடுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் வரை தரும். 6 லிட்டர் ஊத்துக்கே நாளொன்றுக்கு 8,600 லிட்டர் ஆகிறது. மிச்சத்தைத் தேக்கப் படுதா விரித்த குளம் இருக்கிறதே.

கேள்வி: கரண்ட் கிடையாது. 160 வாட் சோலார் பேனல், 150 ஏ.எச். பேட்டரி. ஒன்றரை வருடத்தில் பேட்டரி போய்விட்டது. மட்டமான சரக்கா?

பதில்: பேட்டரியைக் குறை சொல்லும் முன் கணக்குப் போடுங்கள். 9 வாட் பல்பு நான்கு 5 மணி நேரம், 50 வாட் ஃபேன் 8 மணி நேரம், 50 வாட் டிவி 3 மணி நேரம்: 730 வாட்ஹவர். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 900 ஆகும். நல்ல வெயிலிலேயே உங்கள் பேனல் 700 தாண்டுவது கஷ்டம். ஆனி, ஆடி மூட்டத்தில் கேட்கவே வேண்டாம். அரைவயிற்றோடு கிடந்த பேட்டரியின் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிட்டது. புதுப் பேட்டரிக்கு முன் பேனலை இரட்டிப்பாக்குங்கள். சார்ஜும் லோடும் இல்லாமல் சில மணி நேரம் விட்டு மீட்டரில் பார்த்தால், 12.7 வோல்ட் நிறைவு, 12.2 பாதி. அதற்குக் கீழே போக விடாதீர்கள். ஊத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் பேட்டரிக்கு ஆகாது, டிஸ்டில்டு வாட்டர்தான்.

கேள்வி: ஜீப் வரவே ஒரு மணி நேரம். பாம்பு கடித்தால் அதுவரை என்ன செய்ய?

பதில்: கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலைக் கம்பு வைத்து அசையாமல் துணியால் கட்டி, ஆளைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். நடக்க விடக் கூடாது. விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருப்பு உண்டு என்று இன்றைக்கே போனில் கேட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். அந்த மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஆனது. ஏலக்காட்டுச் சருகில் கிடக்கும் முழமூக்கன் குழிமண்டலி என்ற விரியன் வகைப் பாம்புக்கு அது கேட்காது. அதன் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கலாம் என்பதால் டயாலிசிஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரியின் நம்பரும் பக்கத்திலேயே இருக்கட்டும்.