நார்ப் பலகையின் வெப்பக் கடத்துதிறன் மழைக்காலத்தில் ஏறியது ஏன்?

கடத்துதிறனை (பலகை வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்னும் எண்) அளந்த கருவியைக் குறை சொல்ல வேண்டாம், பலகை ஈரம் குடித்திருக்கும். அதே தேங்காய் நார்ப் பலகை கோடையில் 0.045 W/m·K (வாட்/மீட்டர்·கெல்வின்), ஐப்பசியில் 0.056 காட்டியது என்கிறீர்கள். பொள்ளாச்சிக் களத்தில் ஐப்பசி நார் தொட்டாலே சில்லென்றிருக்குமே! அசையாத காற்றின் கடத்துதிறன் 0.026தான், தண்ணீருக்கோ 0.6. நார் இடுக்கில் காற்றிருந்த இடத்தில் ஈரம் புகுந்தால் எண் ஏறத்தான் செய்யும்.

பலகையை எடை போட்டு, எடை இனிக் குறையாது என்னும் வரை ஓவனில் உலர்த்துங்கள். அப்புறம் பாலித்தீன் உறைக்குள் ஆறவிட்டு, முன்பு சோதித்த அதே சராசரி வெப்பநிலையில் (பலகையின் சூடான, குளிர்ந்த பக்கங்களின் சராசரி) மறுபடி சோதியுங்கள். கருவியின் தகடுகள் அழுத்திப் பலகையின் தடிமன் குறைந்திருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள்.

ஒன்று மட்டும்: உலர்ந்த எண்ணை மட்டும் வாங்குபவரிடம் கொடுக்காதீர்கள். பல்லடத்துக் கோழிப்பண்ணைக் கூரையடியில் பலகை திரும்ப ஈரம் ஏற்கும். இரண்டு எண்ணையும் ஈரப்பத அளவோடு எழுதிக் கொடுங்கள்.