அயோடினை விட்டுச் சர்க்கரைக்குத் தாவும் தைராய்டு செல்: வாசகர் கேள்விகள்

அம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய் ஆபரேஷன் முடிந்தது. அயோடின் ஸ்கேனில் ஒன்றுமில்லை. பெட் ஸ்கேனில் மட்டும் கழுத்தில் பளிச்சென்று தெரிகிறது. எதை நம்புவது?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

இரண்டையுமே நம்புங்கள். ரத்தத்திலிருந்து அயோடினை இழுக்கும் பம்பு ஒன்று தைராய்டு செல்லில் உண்டு. புற்றுநோயான பிறகும் பலருக்கு அது வேலை செய்யும். கதிரியக்க அயோடின்-131 சிகிச்சை பலிப்பது அதனால்தான். சில கட்டிகளில் நாள்பட அந்தப் பம்பு குறைந்து, குளுக்கோஸை இழுக்கும் புரதம் பெருகிவிடுகிறது. ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் புற்றுசெல்கள் குளுக்கோஸை அரைகுறையாக உடைத்து லாக்டிக் அமிலமாக்குவதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். பெட் ஸ்கேனுக்கு ஏற்றுவது குளுக்கோஸைப் போன்ற ஒரு கதிரியக்கப் பொருள். செல் அதை உள்ளே இழுத்துவிடும், முழுதாக உடைக்க முடியாது. அது தேங்கி நின்று ஒளிர்கிறது. இப்படி மாறிய கட்டி பெரும்பாலும் கொஞ்சம் முரட்டுத்தனமாக வளரும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

அயோடினை இழுக்கும் அந்தப் போன குணத்தைத் திருப்ப முடியுமா? எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் இடம் இதுதான். 2013இல் வந்த ஓர் ஆய்வில் செலுமெடினிப் மாத்திரை கொடுத்த 20 பேரில் 12 பேருக்கு அயோடின் ஏற்பு கூடியது. 8 பேருக்கு மறுபடி அயோடின் சிகிச்சையே கொடுக்க முடிந்தது. எல்லாருக்குமான வழக்கமான சிகிச்சையாக இது இன்னும் ஆகவில்லை. கட்டியில், செல் வளர்ச்சியைத் தூண்டும் பிராஃப் (BRAF) மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று சோதிக்கலாமா என உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்படியானால் சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்குமே?
– வாசகர், ஏற்காடு

கிடக்காது. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்துக்கொண்டே இருக்கும். உடம்புதான் இளைக்கும். மாம்பழ சீசனில் இரண்டு துண்டு சாப்பிட்டதற்காக யாரும் குற்ற உணர்ச்சியில் தவிக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை மருந்து சோதனைக்கூடத்தில் தைராய்டு புற்றுசெல்களின் வளர்ச்சியை மட்டுப்படுத்தியிருக்கிறது. அதை நம்பி நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

தைராக்சின் மாத்திரை போட்டதும் காபி குடிக்கலாமா?
– அதே வாசகர்

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

எங்கள் ஊரில் மரவள்ளியும் ஜவ்வரிசியும்தான் பிழைப்பு. இவை தைராய்டுக்கு ஆகாதாமே?
– வாசகி, ஆத்தூர்

மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் உண்டு. அதை உடம்பு தயோசயனேட்டாக மாற்றும். அது மேலே சொன்ன அயோடின் பம்பைத் தடுக்கும். அயோடின் போதாதவர்கள் கிழங்கையே முக்கிய உணவாகச் சாப்பிட்டால் கழுத்துக் கழலை வரலாம். ஆலையில் கிழங்கை அரைத்து, அந்த மாவுப் பாலைக் கழுவிப் படியவிட்டு, வறுத்துக் காயவைப்பதற்குள் அந்தச் சயனைடுப் பொருளில் பெரும்பகுதி போய்விடும். அயோடின் சிகிச்சைக்கு முந்தைய ஓரிரு வாரம் ஒதுக்கவேண்டியவை வேறு: அயோடின் உப்பு, மீன், கருவாடு, பால், முட்டை மஞ்சள் கரு. கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது உண்டு. பாக்கெட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.