கூட்டவா, கழிக்கவா?

கேள்வி: செங்கோண முக்கோணத்தில் கர்ணம் 13 செ.மீ., ஒரு பக்கம் 5 செ.மீ. மற்ற பக்கம் கேட்டால், என் மகள் இரண்டு வர்க்கங்களையும் கூட்டிவிடுகிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவள் வழியில் போனால் √194, கிட்டத்தட்ட 13.9 வரும். செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தைவிட நீளமான பக்கமே கிடையாது. இந்த முரணை நீங்கள் சொல்லாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும்!

கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பது பிதாகரஸ் தேற்றம். அதைப் பயன்படுத்தும் முன் படம் வரைய வேண்டும். செங்கோணத்துக்கு எதிரே இருப்பது கர்ணம். என் வகுப்பில் அதற்கு மட்டும் சிவப்பு மை. சிவப்புக் கோட்டின் நீளம் தெரியாவிட்டால் கூட்டு, தெரிந்தால் கழி. 169 − 25 = 144. விடை 12 செ.மீ.

இன்னொன்று. பக்கங்கள் 1, 2 என்றால் கர்ணம் √5. அவசரப்பட்டு 2.24 என்று மாற்றவேண்டாம். அடுத்த படியில் வர்க்கம் எடுக்கும்போது √5 மட்டுமே துல்லியமாக 5 தரும்.