நாயைக் கூப்பிடாதீர்கள்

வணக்கம். அமெரிக்காவின் மினசோட்டாவில் வசிக்கிறேன். என் லாப்ரடாருக்கு இரண்டு வயது. டிசம்பர் கடைசியில் அரசின் பொது வேட்டை நிலம் ஒன்றில் ஃபெசன்ட் என்ற நீண்ட வால் காட்டுப் பறவையின் வேட்டைக்குப் போனோம். பறவைகள் தூரத்திலேயே எழும்பிவிட்டன. சுட்டதில் மூன்று சேவல்கள் (ஆண் ஃபெசன்ட்கள்) விழுந்தன, ஒன்றுதான் கிடைத்தது. மற்ற இரண்டையும் தேடச் சொன்னால், அவை விழுந்த இடத்தை விட்டுவிட்டு நாய் எங்கோ ஓடியது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அதே இடத்தில் தேடவைத்தேன், பயனில்லை. துப்பாக்கிக்கு எந்த ரவை வாங்கலாம்? சோக்கை (ரவை சிதறுவதைக் கட்டுப்படுத்தும் குழல்முனைச் சுருக்கம்) மாற்றலாமா? நாய்க்கு மணி கட்டலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

காயம்பட்டுத் தொலைந்துபோகும் பறவைகளைப் பற்றி எழுத நினைத்திருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது.

மணி வேண்டாம். அக்டோபரில் வேட்டை தொடங்கியதிலிருந்து தப்பிப் பிழைத்த சேவலுக்குக் கார்க் கதவு அடிக்கும் ஓசையே போதும், சம்பங்கோரையின் மறுபக்கமாக ஓடிவிடும். வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள். காற்று முகத்தில் படும்படி, பேசாமல் நடங்கள்.

ரவை விஷயமும் சுருக்கமானதுதான். நீர்ப்பறவைகளுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் நிலங்களில் ஈயம் கூடாது. இரும்பு எடை குறைவு என்பதால் இரண்டு அளவு பெரிதாக எடுக்க வேண்டும்: ஈயத்தில் 4 என்றால் இரும்பில் 2 (எண் குறைந்தால் ரவை பெரிது). சோக் ‘மாடிஃபைட்’ (நடுத்தரச் சுருக்கம்) போதும்.

ஆனால் அந்த இரண்டு சேவல்களும் தொலைந்தது ரவையாலா? நாய் “எங்கோ ஓடியது” என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கோ அல்ல தம்பி, அது சேவலின் பின்னால் ஓடியது! நம்மைவிட்டு விலகிப் பறக்கும் சேவல் நமக்குக் காட்டுவது வாலையும் பின்பக்கத்தையும்தான். தூரம் கூடினால் ரவை நெஞ்சுவரை போகாது, இறக்கை மட்டும் உடையும். கால்கள் நன்றாக இருக்கும். விழுந்த நொடியே ஓடத் தொடங்கிவிடும். நூறு கெஜம் தாண்டி, பனியில் மடிந்து கிடக்கும் கோரைக்கு அடியிலோ மஸ்க்ராட் என்ற நீர் எலியின் வளைக்குள்ளோ போய்ப் பதுங்கும். நாய் அந்தத் தடத்தைப் பிடித்துப் போகிறது, நீங்கள் காலியான இடத்துக்கு அதை இழுத்து வருகிறீர்கள். இரண்டு முறை இப்படிச் செய்தால் உங்கள் பேச்சைக் கேட்டு மூக்கை நம்பாமல் இருக்க அது பழகிவிடும். நல்ல நாயைக் கெடுப்பது இப்படித்தான்.

இனி 35 கெஜத்துக்கு மேல் சுடாதீர்கள். ஒன்று விழுந்தால், அது கைக்கு வரும்வரை அடுத்ததைச் சுடாதீர்கள். விழுந்த இடத்தில் ஒரு கோரைத் தண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு நேராக நடந்து, தொப்பியை அங்கே மாட்டுங்கள். சுற்றிலும் மிதித்துக் குழப்பாமல், காற்று வீசிச்செல்லும் பக்கத்திலிருந்து நாயை விடுங்கள். பிறகு வாயைத் திறக்காமல் நில்லுங்கள். உறைகுளிரில் வாசனை மங்கும், இருபது நிமிடமாவது கொடுங்கள். ஓரிடத்தில் நின்று மூக்கை நுழைத்துத் தோண்டினால், கையுறையோடு கையை விட்டுப் பாருங்கள். மஸ்க்ராட் வீடுகளைச் சுற்றி மட்டும் கவனம், அங்கே பனிக்கட்டி மெலிந்திருக்கும், நாய் உள்ளே விழுந்துவிடும்.

டிசம்பரில் உங்கள் மாநிலத்தில் ஒருவர் ஒரு நாளுக்கு 3 சேவல்வரைதான் எடுக்கலாம். கிடைக்காத இரண்டையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்கள் வேட்டை முடிந்துவிட்டது.

ஜனவரி 1-ஓடு பருவம் முடிகிறது, பயிற்சிக்கு நேரம் இருக்கிறது. செத்த சேவல் ஒன்றைக் கயிற்றில் கட்டி, ஈரப் புல்லில் ஐம்பது கெஜம் இழுத்துப் போங்கள். நடுவில் ஒரு வளைவு இருக்கட்டும். முடிவில் பறவையை வைத்துவிட்டு, வந்த தடத்தில் திரும்பாமல் சுற்றி வாருங்கள். பிறகு நாயை விடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும், தூரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் மெல்லக் கூட்டுங்கள். வளைவில் அது தடுமாறும்போது கூப்பிடத் தோன்றும். கூப்பிடாதீர்கள்.